45 பாகையில் ஒரு கண்ணாடித் தகடு

லென்ஸ் வடிவமைப்பு மென்பொருள் எதைத் திறந்தாலும் முதலில் கண்ணில் படுவது ஓர் அட்டவணை. ஜெமாக்ஸ், கோட் ஃபைவ், ஆஸ்லோ என்று பெயர்கள் மாறலாம், அட்டவணை மாறாது. ஒவ்வொரு வரியும் ஒரு பரப்பைக் குறிக்கும். அதன் வளைவு ஆரம், அடுத்த பரப்புவரை உள்ள தூரம், இடையில் நிரம்பியிருக்கும் பொருள் காற்றா கண்ணாடியா, கண்ணாடி என்றால் எந்தக் கண்ணாடி என்ற விவரங்கள் அந்த வரியில் இருக்கும். கதிர் முதல் வரியைத் தொட்டு, இரண்டாவதற்குப் போய், கடைசி வரியில் பிம்பமாக முடியும். நடுவில் ஒரு வரியைத் தாண்டிக் குதிக்காது, தொட்ட வரிக்குத் திரும்பி வராது. கேமரா லென்ஸுக்கும் சாதாரணத் தொலைநோக்கிக்கும் இந்த ஏற்பாடு கச்சிதமாகப் பொருந்துகிறது, ஏனென்றால் அங்கே ஒளிக்கு ஒரே வழிதான்.

பீம் ஸ்ப்ளிட்டர் இந்த ஏற்பாட்டைக் கலைத்துவிடுகிறது. வந்த ஒளியில் பாதியைக் கடத்திவிட்டு மீதிப் பாதியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடி அது. மைக்கல்சனின் குறுக்கீட்டுமானியிலிருந்து சிடி பிளேயர்வரை அது இல்லாத கருவி குறைவு. ஒளி இரண்டாகப் பிரியும் இடத்தில் அட்டவணையின் அடுத்த வரியாக எதை எழுதுவது? போதாக்குறைக்கு அந்தக் கண்ணாடி பெரும்பாலும் 45 பாகை சாய்ந்திருக்கும். எல்லாப் பரப்புகளும் ஒரே அச்சில் கோத்திருக்கின்றன என்ற இரண்டாவது அனுமானமும் அங்கே விழுந்துவிடுகிறது.

பாதை பிரிவது, அச்சு திரும்புவது என்ற இந்த இரண்டையும் மென்பொருளுக்குள் கொண்டுவருவதைப் பலர் வெறும் பொத்தான் வித்தையாகக் கற்றுக்கொள்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சாய்வுகளை எந்த வரிசையில் எழுதுகிறோம் என்பது, அந்தக் கண்ணாடி எந்தச் சட்டத்தில் எப்படிப் பொருத்தப்படும் என்பதைப் பற்றிய ஒரு கூற்று. ஒரே கண்ணாடியை அட்டவணையில் இரண்டு இடத்தில் எழுதும்போது, அவை இரண்டும் ஒரே பொருள்தான் என்று சொல்வதும் ஒரு கூற்று. இந்தக் கூற்றுகள் தவறாக இருந்தாலும் மென்பொருள் முணுமுணுக்காது. அழகான படம் வரைந்து, நான்கு தசமத்தில் விடை கொடுத்துவிடும்.

சாய்ந்த பரப்பின் கணக்கிலிருந்து தொடங்குவோம். கணினிக்கு முந்தைய காலத்தில் கதிர்த் தடமறிதல் என்றால் மடக்கை அட்டவணையும் பென்சிலும்தான். அச்சைச் சுற்றிச் சமச்சீரான அமைப்புகளுக்கே நாள்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது, சாய்ந்த பரப்பைப் பற்றிப் பேச்சே இல்லை. 1951-இல் அமெரிக்கத் தரநிர்ணயத் தேசிய நிறுவனத்தின் டொனால்ட் ஃபெடர் இந்தக் கணக்குகளைத் தானியங்கி இயந்திரங்களுக்கு ஏற்ற வடிவில் எழுதினார். பதினோரு ஆண்டுகள் கழித்து, 1962-இல், ஸ்பென்சரும் எம்.வி.ஆர்.கே. மூர்த்தியும் அமெரிக்க ஒளியியல் சங்கத்தின் ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எந்த வடிவப் பரப்பானாலும், எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும், ஒரே நடைமுறையில் கதிரைக் கொண்டுபோகும் வழி அதில் இருந்தது. இன்றைக்கும் பாடநூல்கள் மேற்கோள் காட்டும் கட்டுரை. மூர்த்தி இந்தியர், பின்னாளில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் பணியாற்றியவர். அவர் இந்தக் கட்டுரையில் இன்னொரு முறையும் வருவார்.

அவர்கள் சொன்ன வழி இதுதான். உலகம் முழுமைக்கும் ஓர் ஆய அச்சுத் தொகுதி இருக்கிறது. ஒவ்வொரு பரப்புக்கும் அதற்கே உரிய உள்ளூர் அச்சுத் தொகுதி ஒன்று உண்டு. கதிர் ஒரு பரப்பை நெருங்கும்போது அதன் நிலையையும் திசையையும் அந்தப் பரப்பின் அச்சுகளுக்கு மாற்ற வேண்டும். ஆதிப்புள்ளியை நகர்த்துவது ஒரு கழித்தல், அச்சைத் திருப்புவது ஓர் அணிப்பெருக்கல். உள்ளூர் அச்சில் பரப்பு எப்போதும் நேராகவே நிற்கும். அதனால் கதிர் எங்கே தொடுகிறது, எவ்வளவு விலகுகிறது என்பதைப் பழைய சூத்திரங்களாலேயே கண்டுவிடலாம். முடிந்ததும் அணியின் நேர்மாறால் உலக அச்சுக்குத் திரும்பிவிடலாம். ஆக, சாய்வது கண்ணாடி அல்ல, பார்க்கும் சட்டகம்.

இன்றைய மென்பொருளில் இதே யோசனை வேறு உடையில் வருகிறது. ஜெமாக்ஸில் ‘கோஆர்டினேட் பிரேக்’ என்று ஒரு போலி வரி உண்டு. அது பரப்பு அல்ல, கதிர் அங்கே எதையும் தொடாது. அந்த வரிக்குப் பிறகு எழுதப்படும் எல்லாவற்றுக்கும் அச்சுகளை இத்தனை மி.மீ. நகர்த்து, இத்தனை பாகை திருப்பு என்று சொல்வது மட்டுமே அதன் வேலை. கண்ணாடி ஒன்றை 45 பாகையில் மடக்கு ஆடியாக வைக்க வேண்டும் என்றால் மூன்று வரிகள் தேவை: 45 பாகை திருப்பும் போலி வரி, ஆடி, மறுபடியும் 45 பாகை திருப்பும் போலி வரி. முதல் திருப்பம் ஆடிக்கு, இரண்டாவது திரும்பிய ஒளிக்கு. ஆடியை மட்டும் சாய்த்துவிட்டு இரண்டாம் திருப்பத்தை விட்டுவிட்டால், ஒளி ஒரு பக்கம் போகும், அதற்காக வைத்த லென்ஸ்கள் இன்னொரு பக்கம் நிற்கும். கோட் ஃபைவ் இந்த இரட்டைத் திருப்பத்தை ஒரே கட்டளையில் அடக்கிவைத்திருக்கிறது. வசதிதான், ஆனால் புதிதாகக் கற்பவர் ஜெமாக்ஸின் மூன்று வரியை ஒருமுறை கையால் எழுதிப் பார்ப்பது நல்லது.

ஆடிக்குப் பிறகு தூரங்கள் எதிர்க்குறி பெறுவது அடுத்த தடுமாற்றம். எதிரொளிப்புக்குப் பின் ஒளி திரும்பி ஓடினாலும் உள்ளூர் அச்சு திரும்புவதில்லை என்பதே மரபு. ஆகவே அடுத்த பரப்புவரை உள்ள தூரம் 100 மி.மீ. என்றால் அட்டவணையில் −100 என்று எழுத வேண்டும். இரண்டாவது ஆடிக்குப் பிறகு மீண்டும் நேர்க்குறி. லென்ஸ்களின் வளைவு ஆரக் குறிகளும் கூடவே புரளும். இதெல்லாம் பழகிவிடும். பழகாதது சுழற்சியின் வரிசைதான், அதில்தான் நிஜமான ஆபத்து இருக்கிறது.

எண்களைப் பெருக்கும்போது வரிசை முக்கியமில்லை. முப்பரிமாணச் சுழற்சிக்கு அந்தப் பரிமாற்று விதி செல்லாது. சிறு கோணங்களில் இது உறைக்காது. அரைப் பாகை, அரைப் பாகை என்று இரண்டு அச்சில் திருப்பினால் வரிசையை மாற்றுவதால் வரும் வித்தியாசம் சுமார் 16 விகலை, பல கருவிகளில் அது பிழையெல்லைக்குள் அடங்கிவிடும். ஆனால் ஒரு திருப்பம் 45 பாகையாக இருந்தால் நிலைமையே வேறு.

கிடைமட்டமாக வரும் கற்றையை நேர் மேலே திருப்பும் ஓர் ஆடியை எடுத்துக்கொள்வோம். 200 மி.மீ. மேலே ஓர் உணரி. ஆடியை ஒரு பாகை பக்கவாட்டில் திருப்ப வேண்டும். திருப்பும் திருகு எங்கே இருக்கிறது? ஆடியைத் தாங்கும் முழு அமைப்புக்கும் கீழே, அடித்தட்டில் இருந்தால் செங்குத்து அச்சில் எல்லாமே சேர்ந்து திரும்பும். அப்போது மேலே போகும் கற்றை சரியாக ஒரு பாகை விலகும், உணரியில் 3.5 மி.மீ. நகரும். திருகு ஆடிச் சட்டத்தின் முதுகில் இருந்தாலோ, ஏற்கெனவே 45 பாகை சாய்ந்துவிட்ட அச்சில் ஆடி திரும்புகிறது. அப்போது விலகல் 1.41 பாகை, உணரியில் 4.9 மி.மீ. திருகு அதே ஒரு பாகைதான் திரும்பியது, ஆடியும் அதேதான். மென்பொருளிலும் 45, 1 என்ற அதே இரண்டு எண்களைத்தான் எழுதுவோம். ஜெமாக்ஸின் போலி வரி தன் இயல்பில் முதலில் எக்ஸ் அச்சிலும், பிறகு புதிய ஒய் அச்சிலும், கடைசியாகப் புதிய இசட் அச்சிலும் திருப்பும். அதாவது எதையும் மாற்றாமல் எண்களை இட்டுவிட்டால், திருகு சட்டத்தின் முதுகில் இருப்பதாக நாம் சொல்லிவிட்டோம் என்று பொருள். அடித்தட்டில் இருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால் வரிசையைத் தலைகீழாக்கும் குறியை இட வேண்டும், அல்லது இரண்டு தனி வரிகளாக எழுத வேண்டும்.

கோணங்களைத் தட்டச்சு செய்வதற்கு முன் இயந்திரப் பொறியாளரிடம் போய் எந்தத் தட்டின்மேல் எது உட்கார்கிறது என்று கேட்பதே சரியான தொடக்கம் என்று நான் சொல்வது இதனால்தான். நேர்க்குறிக் கோணம் எந்தத் திசையில் திருப்பும் என்பதிலும் மென்பொருளுக்கு மென்பொருள் மரபு மாறுகிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கோப்பை மாற்றியதும் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

சில இடங்களில் வரிசையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கே இல்லை. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் சுரங்கத் தொலைநோக்கியில் 11 மீட்டர் கோபுரத்தின் உச்சியில் 60 செ.மீ. ஆடிகள் கொண்ட சீலோஸ்டாட் இருக்கிறது. அது சூரிய ஒளியைப் பிடித்துக் கீழே அனுப்ப, இன்னோர் ஆடி அதை 60 மீட்டர் நீளமுள்ள கிடைமட்டச் சுரங்கத்துக்குள் திருப்புகிறது. 38 செ.மீ. லென்ஸ் அங்கே சுமார் 34 செ.மீ. விட்டமுள்ள சூரியப் பிம்பத்தை உருவாக்குகிறது. சீலோஸ்டாட்டின் முதல் ஆடி பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக நிற்க வேண்டும், அந்த அச்சில் மணிக்கு 7.5 பாகை, அதாவது 48 மணி நேரத்துக்கு ஒரு சுற்று, திரும்ப வேண்டும். எதிரொளிப்பு கோணத்தை இரட்டிப்பாக்குவதால் பூமியின் வேகத்தில் பாதி போதும். இதை மென்பொருளில் எழுதினால் முதல் திருப்பம் ஊரின் அட்சரேகை, கொடைக்கானலுக்கு 10 பாகைக்குச் சற்று மேல். அதற்குப் பிறகே நேரக் கோணம். மாற்றி எழுதினால் ஆடி வானத்தின் துருவத்தை விட்டுவிட்டுக் கொடைக்கானலின் தலைக்கு நேர்மேலே உள்ள ஏதோ ஒரு புள்ளியைச் சுற்றும், சூரியன் சில நிமிடங்களில் கைநழுவிப் போகும். இன்னொரு நயமும் உண்டு. சீலோஸ்டாட்டில் பிம்பம் தன்னைத்தானே சுற்றாது. ஒற்றை ஆடியால் சூரியனைத் துரத்தும் ஹீலியோஸ்டாட்டில் பிம்பம் நாள் முழுக்கச் சுழன்றுகொண்டே இருக்கும். கதிர் மையத்தில் விழுகிறதா என்று மட்டும் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியாது, அச்சுகளை முழுதாகப் பின்தொடர்பவருக்குத் தெரியும்.

திருப்பிய அச்சைப் பழையபடி நிமிர்த்துவதிலும் இதே விதி. சாய்ந்த லென்ஸ் ஒன்றைத் தாண்டியதும் மற்றவை பழைய அச்சிலேயே தொடர வேண்டும் என்றால், அதே கோணங்களை எதிர்க்குறியில் இட்டால் மட்டும் போதாது, வரிசையையும் பின்னிருந்து முன்னாக மாற்ற வேண்டும். கடைசியாகத் திருப்பியதை முதலில் நிமிர்த்த வேண்டும். இதைத் தானே செய்துதரும் கருவிகள் இன்றைய மென்பொருள்களில் இருக்கின்றன, பயன்படுத்தலாம்.

இனி, பாதை பிரியும் சங்கதி. வரிசைமுறை மென்பொருளில் இதற்குள்ள வழி, அமைப்பை இரண்டு கான்ஃபிகரேஷன்களாக எழுதுவது. முதலாவதில் சாய்ந்த தகடு கண்ணாடியாக இருக்கும், ஒளி கடந்துபோகும். இரண்டாவதில் அதே வரியில் பொருளின் பெயர் ஆடி என்று மாறும், தூரங்கள் குறி மாறும், தேவையற்ற வரிகள் புறக்கணிக்கப்படும். மென்பொருளைப் பொறுத்தவரை இவை இரண்டு தனித் தனிக் கருவிகள், தற்செயலாக ஒரே கோப்பில் இருப்பவை. இரண்டிலும் உள்ள தகடு ஒன்றே என்பது அதற்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவர் வடிவமைப்பாளர். இரண்டாவது கான்ஃபிகரேஷனின் சாய்வு முதலாவதன் சாய்வையே எடுத்துக்கொள்ளும்படி ‘பிக்கப்’ என்ற இணைப்பைப் போட வேண்டும். போடாமல் உகப்பாக்கத்தை ஓடவிட்டால் மென்பொருள் கடத்தும் பாதைக்கு ஒரு சாய்வையும் திரும்பும் பாதைக்கு வேறொரு சாய்வையும் கண்டுபிடித்து, இரண்டிலும் அற்புதமான பிம்பம் என்று அறிவிக்கும். அப்படி ஒரு தகட்டை எந்தப் பட்டறையும் செய்ய முடியாது.

இந்த இணைப்பு எவ்வளவு முக்கியம் என்பது பிழையெல்லைக் கணக்கில் தெரியும். பிகே7 கண்ணாடியில், ஒளிவிலகல் எண் 1.5168, தடிமன் 3 மி.மீ. என்று ஒரு தகட்டை வைத்துக்கொள்வோம். அது தன் சாய்வுத் திசையிலேயே ஒரு பாகை கூடுதலாகச் சாய்ந்தால், திரும்பும் கற்றை 2 பாகை விலகும், 200 மி.மீ. தொலைவில் 7 மி.மீ. நகரும். கடந்துபோகும் கற்றையோ வெறும் 0.03 மி.மீ. இடம்பெயரும். ஒரே தவறுக்கு ஒரு பாதை இருநூறு மடங்குக்கு மேல் தண்டனை அனுபவிக்கிறது. கடத்தும் பாதையை மட்டும் மாதிரி செய்தவர் மலிவான தாங்கியே போதும் என்று எழுதிக்கொடுப்பார். ஒளி ஒரே தகட்டை இருமுறை சந்திக்கும் கருவிகளில், உதாரணமாக மாதிரியில் பட்டுத் திரும்பிய ஒளி மறுபடி அதே தகட்டைக் கடக்கும் ஒளிர்வு நுண்ணோக்கியில், அந்தப் பரப்புகளை அட்டவணையில் இரண்டாம் தடவை எழுதி, ஒவ்வொன்றையும் முதல் எழுத்துடன் இணைக்க வேண்டும்.

அந்த 3 மி.மீ. தகட்டை விட்டுவிட வேண்டாம், அதில் இன்னும் சரக்கு இருக்கிறது. அது 45 பாகையில் நிற்கும்போது கடந்துபோகும் கற்றையைப் பக்கவாட்டில் சரியாக ஒரு மி.மீ. தள்ளிவிடுகிறது. பின்னால் வரும் லென்ஸ்களை அந்த ஒரு மி.மீ. நகர்த்தி வைக்க வேண்டும், அதற்கும் ஒரு போலி வரி தேவை. கற்றை இணையாக வந்தால் பாதிப்பு இத்துடன் முடிந்தது. குவிந்துகொண்டிருக்கும் கற்றையில் தகட்டை வைத்தால் அஸ்டிக்மாடிசம் வரும், அதாவது சாய்வுத் தளத்தில் உள்ள கதிர்கள் ஓரிடத்திலும் அதற்குக் குறுக்கே உள்ளவை வேறோரிடத்திலும் குவியும். நம் தகட்டில் இந்த இரண்டு குவியங்களுக்கும் இடையே 0.8 மி.மீ. வித்தியாசம். எஃப்/4 கற்றையில் பச்சை ஒளிக்குக் குவிய ஆழம் முன்னும் பின்னுமாகச் சேர்த்து 0.035 மி.மீ. அதைவிட இருபது மடங்குக்கு மேற்பட்ட பிழை இது. சாதாரண மடக்கு ஆடிதானே என்று தகட்டைத் தடிமன் இல்லாத பரப்பாக மாதிரி செய்கிறவர்கள் இழப்பது இதைத்தான்.

இந்தக் குறையையே வேலைக்கு வைத்தவர்கள் உண்டு. சிடி பிளேயரின் ஒளித்தலையில் லேசர்ப் புள்ளி தட்டின் மேடுபள்ளத்துக்கு ஏற்பக் குவியத்திலேயே நிற்க வேண்டும். பல ஒளித்தலைகளில் தட்டிலிருந்து திரும்பும் ஒளியை ஒரு சாய்ந்த தகட்டின் ஊடாக அனுப்புவார்கள். அஸ்டிக்மாடிசத்தால் புள்ளி குவியத்துக்கு முன்னால் ஒரு பக்கம் நீள்வட்டமாகவும் பின்னால் அதற்குக் குறுக்கே நீள்வட்டமாகவும் மாறும். நான்கு பகுதிகள் கொண்ட உணரி அந்த நீட்சியின் திசையைப் பார்த்து லென்ஸை மேலே தள்ளு, கீழே இழு என்று சைகை தருகிறது. ஒரே தகடு ஒளியைப் பிரித்தும் தருகிறது, குவியப் பிழையைக் காட்டியும் கொடுக்கிறது. தனியாக ஓர் உருளை லென்ஸ் மிச்சம்.

அஸ்டிக்மாடிசம் வேண்டாதவர்களுக்கு வழிகள் உண்டு. அதே தடிமனுள்ள இன்னொரு தகட்டைக் குறுக்குத் திசையில் சாய்த்து வைத்துப் பெரும்பகுதியை ரத்து செய்யலாம். சில மைக்ரான் தடிமனே உள்ள பெலிக்கிள் சவ்வைப் பயன்படுத்தலாம். 1965-இல் வந்த கேனான் பெலிக்ஸ் கேமரா ஒரு மெல்லிய சவ்வை அசையாத ஆடியாக வைத்திருந்தது. அல்லது இரண்டு முக்கோணப் பட்டகங்களை ஒட்டிய கனசதுரத்துக்குப் போகலாம். கனசதுரத்தின் முகம் கற்றைக்குச் செங்குத்தாக இருப்பதால் அச்சில் அஸ்டிக்மாடிசம் இல்லை. ஆனால் குவியும் கற்றையில் அது ஒரு கனத்த கண்ணாடிப் பாளம். கோளப் பிறழ்ச்சியும் நிறப் பிறழ்ச்சியும் சேரும், குவியம் பின்னால் தள்ளிப்போகும். ஆகவே லென்ஸை முதலில் வடிவமைத்துவிட்டுக் கனசதுரத்தைப் பிறகு செருகுவது நடக்காது, முதல் நாளிலிருந்தே அட்டவணையில் அந்தக் கண்ணாடி இருக்க வேண்டும்.

திரைப்பட வரலாற்றில் இதற்கு ஒரு பெரிய சாட்சி டெக்னிகலர். 1930-களின் மூன்று படச்சுருள் கேமராவில், லென்ஸுக்குப் பின்னால் ஒரு பிரிப்புக் கனசதுரம் உட்கார்ந்து, ஒளியில் ஒரு பகுதியை நேரே ஒரு சுருளுக்கும் மீதியைப் பக்கவாட்டில் ஒட்டி ஓடும் இரண்டு சுருள்களுக்கும் அனுப்பியது. முழுநீளப் படமாக ‘பெக்கி ஷார்ப்’ 1935-இல் இந்த முறையில் வந்தது. குறுகிய குவிதூர லென்ஸுக்கும் படச்சுருளுக்கும் நடுவே அத்தனை பெரிய கண்ணாடிக்கு இடமே கிடையாது. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் டெய்லர், டெய்லர் அண்ட் ஹாப்சன் நிறுவனத்தின் எச்.டபிள்யூ. லீ, குவிதூரத்தைவிட நீளமான பின்வெளி தரும் புதிய வகை லென்ஸை இதற்காகவே வடிவமைத்தார். பின்னாளில் ஒற்றை லென்ஸ் எதிரொளிப்பு (எஸ்எல்ஆர்) கேமராக்களின் அகன்ற கோண லென்ஸ்கள் எல்லாம் எடுத்துக்கொண்ட வடிவம் அது. அதே வழியில் மூன்று உணரிகள் கொண்ட தொலைக்காட்சிக் கேமராக்களின் பி4 லென்ஸ்கள், பின்னால் ஒரு நிறப்பிரிப்புப் பட்டகம் இருக்கும் என்று எண்ணியே கணக்கிடப்பட்டவை. அவற்றைப் பட்டகம் இல்லாத கேமராவில் மாட்டினால் படம் கெடுகிறது. லென்ஸ் மோசம் என்று சொல்பவர்கள் அட்டவணையின் ஒரு வரியை எடுத்துவிட்டார்கள் என்பதுதான் நடந்தது.

நம் தகட்டின் இரண்டாவது முகத்தைப் பற்றி இதுவரை பேசவில்லை. பிரிப்புப் பூச்சு முன்முகத்தில் இருந்தாலும், பின்முகமும் சற்று எதிரொளிக்கும். பூச்சில்லாத கண்ணாடி 45 பாகையில் சராசரியாக 5 சதவீதம் திருப்பும். அந்த ஒளி மறுபடி முன்முகத்தைக் கடந்து வெளியே வந்து, உண்மையான கற்றைக்கு 2.2 மி.மீ. பக்கத்தில் இணையாக ஓடும். ஒளி அளவில் அது அசலில் 2.6 சதவீதம். குவியும் கற்றையில் இது நிழல் பிம்பமாகத் தெரியும். இணைக்கற்றையில் பின்னால் உள்ள லென்ஸ் இரண்டையும் ஒரே புள்ளியில் சேர்த்துவிடுவதால் தனியாகத் தெரியாது, லேசர் ஒளி என்றால் குறுக்கீட்டு வரிகளாக முளைக்கும். நல்ல தகடுகளின் பின்முகத்தில் எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு இருப்பதும், இரு முகங்களும் சற்றே ஆப்பு வடிவில் விலகியிருப்பதும் இதற்காகத்தான்.

மூர்த்தி இங்கே திரும்பி வருகிறார். 1964-இல் அவர் இந்தத் தொல்லையையே கருவியாக்கினார். பூச்சில்லாத ஓர் இணைத்தகட்டை லேசர் கற்றையில் 45 பாகை அளவில் சாய்த்தால், இரு முகங்களிலிருந்தும் ஏறக்குறைய சமமான இரண்டு கற்றைகள் திரும்பும், நம் கணக்கில் அந்த 2.2 மி.மீ. இடைவெளியுடன். ஒன்றின்மேல் ஒன்று விழும் பகுதியில் தோன்றும் வரிகளைப் பார்த்தே கற்றை சரியான இணைக்கற்றையா என்று சொல்லிவிடலாம். இன்று ஒளியியல் கூடங்களில் லேசரை இணையாக்கப் பயன்படும் சிறிய ஷியர் தகடு இதன் வாரிசு.

அட்டவணை முறையில் இத்தகைய நிழல்களைப் பார்க்க வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கான்ஃபிகரேஷன் எழுத வேண்டும், எது எது தொல்லை தரும் என்று முன்கூட்டியே ஊகிக்கவும் வேண்டும். அதனால்தான் வரிசையற்ற முறை வந்தது. அங்கே பரப்புகளின் பட்டியல் இல்லை, முப்பரிமாண வெளியில் பொருள்கள் இருக்கின்றன. கதிர் எதை முதலில் முட்டுகிறதோ அதுவே அடுத்தது. பிரிப்பானில் முட்டினால் கதிர் இரண்டாகும். பத்து முறை பிரிந்தால் 1,024 கிளைகள், இருபது முறை பிரிந்தால் பத்து லட்சத்துக்கும் மேல். ஆகவே குறிப்பிட்ட வலிமைக்குக் கீழே போன கிளைகளை வெட்டிவிடும்படி எல்லை வைக்க வேண்டும், அல்லது ஒவ்வொரு பிரிவிலும் ஏதோ ஒரு வழியைச் சூதாட்டமாகத் தேர்ந்தெடுக்கச் செய்து, லட்சக்கணக்கான கதிர்களை விட வேண்டும்.

புதியவர்கள் வரிசையற்ற முறையையே எல்லாவற்றுக்கும் தீர்வாக நினைக்கிறார்கள். ஒரு தகடு ஒரே இடத்தில் ஒரே பொருளாக இருப்பதால் இணைப்பு மறந்துபோகும் ஆபத்து அங்கே இல்லை என்பது உண்மை. ஆனால் லென்ஸைச் செம்மைப்படுத்தும் உகப்பாக்கத்துக்கு அது மந்தமானது, பிறழ்ச்சிகளைப் பெயர்சொல்லிப் பிரித்துக்காட்டும் பகுப்பாய்வும் அங்கே பெரிதாகக் கிடையாது. வரிசைமுறையில் வடிவமைத்து, வரிசையற்ற முறையில் சோதிப்பதே நடைமுறையில் தேறுகிறது. ஒரே அமைப்பை இரண்டிலும் எழுதி, மையக் கதிர் உணரியில் ஒரே புள்ளியில் விழுகிறதா என்று பார்ப்பதைவிட நல்ல தணிக்கை எனக்குத் தெரிந்து இல்லை. குறிப்பிழை, வரிசைப்பிழை இரண்டும் அங்கேயே வெளியே வந்துவிடும்.

பூச்சைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. பாதிக்குப் பாதி என்று விற்கப்படும் பிரிப்பான் எல்லா ஒளிக்கும் பாதிக்குப் பாதி அல்ல. தளவிளைவு நிலையைப் பொறுத்து மாறும். பூச்சற்ற கண்ணாடியே 45 பாகையில் எஸ் நிலைக்கு 9.6 சதவீதமும் பி நிலைக்கு 0.9 சதவீதமும் திருப்புகிறது. 45 பாகையில் மட்டும் இரண்டாவது எண் முதலாவதன் சரியான வர்க்கமாக அமைவது ஃப்ரெனெல் சமன்பாடுகளின் ஒரு சின்ன அழகு. மென்பொருளில் இவ்வளவு சதவீதம் கடத்து என்று மட்டும் சொல்லும் இலட்சியப் பூச்சு ஒன்று உண்டு. தொடக்க வேலைக்கு அது போதும். குறுக்கீட்டுமானிக்குப் போதாது, ஏனெனில் அதில் கட்டம் இல்லை. அதன் இரண்டு கைகளிலிருந்தும், அதாவது பிரிந்த இரண்டு பாதைகளிலிருந்தும், திரும்பும் ஒளி பிரிப்பானில் சேர்ந்து இரண்டு வாசல்களில் வெளியேறுகிறது. எதிரொளிப்பில் கட்ட மாற்றமே இல்லை என்று வைத்துவிட்டால், பாதைகள் சமமாக இருக்கும்போது இரு வாசல்களும் ஒரே நேரத்தில் முழுப் பிரகாசமாகும், உள்ளே போனதைப்போல் இரு மடங்கு ஒளி வெளியே வரும். ஆற்றல் அழியாது என்ற விதிதான் எதிரொளித்த அலைக்கும் கடந்த அலைக்கும் இடையே இருக்க வேண்டிய கட்ட வேறுபாட்டை நிர்ணயிக்கிறது. சமச்சீரான, இழப்பற்ற பிரிப்பானில் அது 90 பாகை. ஒரு வாசல் ஒளிரும்போது மற்றது இருள வேண்டும்.

மைக்கல்சன் 1887-இல் மோர்லியுடன் கிளீவ்லாந்தில் செய்த சோதனையில் பிரிப்புத் தகட்டுடன் அதே தடிமனில் இன்னொரு தகடும் இருந்தது. ஒரு கையின் ஒளி பிரிப்புத் தகட்டை மும்முறை கடக்கும்போது மற்றக் கையின் ஒளி ஒருமுறைதான் கடக்கிறது. ஒரே அலைநீளம் என்றால் ஆடியை நகர்த்தியே ஈடுகட்டலாம். வெள்ளொளியில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வோர் ஈடு தேவைப்படும், வரிகளே தெரியாமல் போகும். மென்பொருளில் ஒற்றை அலைநீளத்தை வைத்துக்கொண்டு இந்த ஈட்டுத் தகட்டை நீக்கிப் பார்ப்பவருக்கு அது எதற்கென்றே புரியாது. மூன்று அலைநீளங்களை இட்டுப் பார்த்தால் உடனே புரியும்.

ஈர்ப்பலைகளைக் கேட்கும் லைகோவின் பிரிப்பான் இந்தக் குடும்பத்தின் இன்றைய பெரியவர்: 37 செ.மீ. விட்டம், 6 செ.மீ. தடிமன், உருகிய சிலிக்கா. மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலியில் அமையவிருக்கும் லைகோ-இந்தியாவுக்கும் இப்படி ஒன்று வேண்டும். ஒரே அலைநீளம், 1,064 நானோமீட்டர், ஆகவே நிறத்துக்கான ஈட்டுத் தகடு இல்லை. ஆனால் 4 கி.மீ. கைகளுக்குள் ஒளி நூற்றுக்கணக்கான முறை போய்வருகிறது. அட்டவணையில் அத்தனை வரிகள் எழுத முடியாது, கதிர்களைக் கிளைக்கவிட்டாலும் முடிவுக்கு வராது. அங்கே ஃபினெஸ் போன்ற வேறு வகை மென்பொருள் பயன்படுகிறது. அதில் பிரிப்பான் என்பது நான்கு வாசல் கொண்ட ஒரு கணு. ஒவ்வொரு வாசலிலும் உள்ளே வரும் அலையும் வெளியே போகும் அலையும் சமன்பாடுகளாக எழுதப்பட்டு, எல்லாம் ஒரே வீச்சில் தீர்க்கப்படுகின்றன. முன்னும் பின்னும் இல்லை, கான்ஃபிகரேஷன்கள் இல்லை, தகடு எப்போதும் ஒன்றுதான். அச்சுத் திருப்பங்களும் இல்லை, படுகோணம் என்று ஓர் எண் மட்டும். நம் 3 மி.மீ. தகட்டுக்கு இட்ட அதே சூத்திரத்தை இங்கே இட்டால், கடந்துபோகும் கற்றை பக்கவாட்டில் சுமார் 19 மி.மீ. தள்ளிப்போகிறது. கட்டங்களையும் வலிமைகளையும் கணக்கிடுபவருக்கு அந்த எண் தேவைப்படுவதில்லை. வெற்றிடக் கலத்துக்குள் அடுத்த ஆடியை எங்கே தொங்கவிடுவது என்று வரைபடம் போடுபவர் அதைத் தன் அட்டவணையில், சரியான குறியுடன், ஒரு போலி வரியாக எழுதியாக வேண்டும்.